சப்பணம் போட ஒரு பாதம்: ஜெய்ப்பூரில் தேவைகள் அளவுகளான கதை

வடிவமைப்பு வகுப்பின் முதல் நாளில் மாணவர்களுக்கு ஒரே ஒரு வரியைத்தான் கொடுப்பேன்: "எனக்கு நல்ல செயற்கைக் கால் ஒன்று வேண்டும்." வாடிக்கையாளர் சொன்னது இவ்வளவுதான், இதைத் தயாரிப்புக்கான விவரக்குறிப்பாக எழுதிக் கொடுங்கள் என்பேன். அரை மணி நேரம் கழித்துத் தாள்கள் வரும். எடை இத்தனை கிராமுக்குள், நூறு கிலோ ஆளைத் தாங்க வேண்டும், துருப்பிடிக்கக் கூடாது, இத்தனை வருடம் உழைக்க வேண்டும், விலை இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது. எதையும் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் "தரையில் சப்பணம் போட்டு உட்கார முடிய வேண்டும்" என்று முதல் முறையிலேயே எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மதியம் அதே பிள்ளைகள்தான் வராந்தாவில் வட்டமாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிடுகிறார்கள்.

அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. உலகின் பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களும் அந்த வரியை விட்டுவிட்டுத்தான் பாதம் செய்துகொண்டிருந்தன. அந்த வரியை எழுதிச் சேர்த்தது 1960களில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் இருந்த ஒரு சிறு குழு. வாடிக்கையாளரின் விருப்பம் டிகிரியாகவும் கிராமாகவும் ரூபாயாகவும் மாறுவது எப்படி என்று சொல்லித்தர எத்தனையோ உதாரணங்கள் உண்டு. எனக்கு இதைவிடத் தெளிவான ஒன்று இன்றுவரை கிடைக்கவில்லை.

செருப்பில்லாத வாடிக்கையாளர்

பிரமோத் கரண் சேத்தி எலும்பு முறிவு மருத்துவர். எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். என்ற அறுவை மருத்துவத் தகுதியை முடித்துவிட்டு வந்து, ஜெய்ப்பூர் மருத்துவமனையில் எலும்பு முறிவுப் பிரிவைக் கட்டியெழுப்பியவர். அந்தக் காலத்தில் இந்தியாவில் செயற்கைக் கால் என்றாலே புனேதான். 1944ல் தொடங்கப்பட்ட ராணுவச் செயற்கை உறுப்பு மையம் அங்கேதான் இருந்தது. ராஜஸ்தான் கிராமத்துக்காரர் ஒருவருக்குக் கால் வேண்டுமென்றால் அவ்வளவு தூரம் போய்த் தங்கி, அளவு கொடுத்து, மாட்டிப் பார்த்து, திரும்பி வர வேண்டும்.

அப்படிப் பாடுபட்டு வாங்கி வந்த காலை, ஊருக்குப் போனதும் பலர் கழற்றி மூலையில் வைத்துவிட்டார்கள். மறுபடி கட்டையை ஊன்றிக்கொண்டு வெளிநோயாளிப் பிரிவுக்கு வந்து நின்றார்கள். சேத்தியை யோசிக்க வைத்தது இதுதான். கால் உடைந்துபோகவில்லை, அளவும் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் ஏன் கழற்றினார்கள்?

அவர்களுக்குக் கிடைத்தது சாக் (SACH) பாதம். அமெரிக்காவின் பெர்க்லியில் 1950களில் உருவானது. உள்ளே கணுக்காலில் தொடங்கி விரல்கள் மடங்கும் இடம் வரை கெட்டியான மரத்துண்டு ஒன்று போகும். குதிகாலில் மெத்தென்று ஒரு நுரை ஆப்பு இருக்கும். கணுக்காலில் அசையும் மூட்டே கிடையாது. குதிகால் தரையில் படும்போது நுரை அமுங்கிக்கொடுக்கும், பிறகு மரத்தின் முனைமேல் உருண்டு உடல் முன்னே போகும். எளிமையானது, மலிவானது, பழுது குறைவு. பொறியாளனாக அதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மதிப்புத்தான் வருகிறது. தன் முன் வைக்கப்பட்ட கேள்விக்கு அது அருமையான விடை.

அந்தக் கேள்விக்குள் ஒரு ஷூ இருந்தது, அதுதான் விஷயம். சாக் பாதத்தைக் காலணி இல்லாமல் தரையில் வைத்துப் பாருங்கள். குதிகால் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கியே இருக்கும், ஏனென்றால் ஷூவின் குதி உயரத்தைக் கணக்கில் வைத்தே அதை வடித்திருக்கிறார்கள். ஷூவைக் கழற்றிவிட்டு நின்றால் அந்த உயரம் காணாமல் போய், முழங்கால் பின்பக்கம் தள்ளப்பட்டு, ஆள் பின்னால் சாய்வதுபோல் ஆகிவிடும். பாதத்தின் வெளி உறையும் ஷூவுக்குள் பத்திரமாக இருக்கும் பொருளாகவே செய்யப்பட்டது. கல்லிலும் முள்ளிலும் தேய்ந்தால் கிழியும், தண்ணீரில் நின்றால் ஊறும். ஷூ என்பது அந்தப் பாதத்தின் ஒரு உறுப்பு. விவரக்குறிப்பில் எழுதப்படாத உறுப்பு.

இப்போது ஷூவைக் கழற்றிவிட்டு நம் பக்கத்து வாழ்க்கையைப் பாருங்கள். வீட்டுக்குள் செருப்பில்லை, சமையலறையில் இல்லை, கோயிலில் இல்லை. வயலில் சேறு. சாப்பாடு தரையில், காலைக்கடன் குந்தி உட்கார்ந்து. கிராமத்துக் குடியானவரின் ஒரு நாளில் ஷூவுக்கு இடமே கிடையாது.

"முடியலை" என்பதிலிருந்து டிகிரி வரை

நோயாளி யாரும் "எனக்குக் கணுக்காலில் இத்தனை டிகிரி மேல்மடக்கு வேண்டும்" என்று சொல்லமாட்டார். "உட்கார முடியலை டாக்டர்" என்பார். அல்லது அதையும் சொல்லாமல் கட்டையோடு வந்து நிற்பார். அங்கிருந்து எண் வரை போக நான்கு படிகளாவது இறங்க வேண்டும்.

குந்தி உட்காருவதை எடுத்துக்கொள்வோம். இதை வகுப்பில் எல்லோரையும் எழுப்பிச் செய்யச் சொல்வேன். குந்தும்போது முழங்கால் பாதத்துக்கு முன்னால் வெகுதூரம் தள்ளிப்போகும். கெண்டைக்கால் முன்பக்கம் சாயும். அதாவது பாதத்துக்கும் முன்காலுக்கும் இடையிலுள்ள கோணம் சுருங்க வேண்டும். சாதாரண நடைக்கு இந்த மேல்மடக்கு 10 டிகிரி அளவுக்கு இருந்தால் போதும். குதிகாலைத் தரையில் பதித்து முழுக்கக் குந்துவதற்கு 30 டிகிரியையும் தாண்ட வேண்டும். முழங்கால் மடக்கும் அப்படித்தான்: நடைக்கு 60 டிகிரி போதுமானது, குந்துவதற்கு 150 டிகிரி வரை போகும். நடையை மட்டும் அளந்து பாதம் செய்பவருக்கு அந்த 10 டிகிரியைக் குதிகால் நுரையும் மரமுனையுமே சமாளித்துக் கொடுத்துவிடும். மூட்டின் தேவையே தெரியாது. உட்காருவதை அளந்தவருக்குத்தான் விரல்வரை ஓடும் அந்த நீண்ட மரம் பிரச்சினை என்று புரியும்.

சப்பணம் இன்னொரு விதம். அங்கே பாதம் முன்பின்னாக மடங்குவதைவிட உள்பக்கம் திரும்பிச் சாய வேண்டும், புறவிளிம்பு தரையில் படிய வேண்டும். திரும்பாத கெட்டிப் பாதத்தோடு சப்பணம் போட்டால் அது ஒரு நெம்புகோல் மாதிரி வேலை செய்து, வெட்டுப்பட்ட காலின் முனையை, அது பொருந்தியிருக்கும் செயற்கைக் காலின் குழிக்குள் முறுக்கும். தோல் உரியும், வலிக்கும். "உட்கார முடியலை" என்ற சொல்லுக்குள் பாதத்தின் விறைப்பு, முறுக்குவிசை, தோலில் விழும் அழுத்தம் என்று மூன்று அளவுகள் ஒளிந்திருக்கின்றன.

வரப்பில் நடப்பதற்கு வேண்டியது பாதம் இடமும் வலமும் சாய்ந்துகொடுப்பது. வரப்பு சமதளம் இல்லை, ஒரு பக்கம் எப்போதும் தாழ்ந்திருக்கும். பாதம் சாயாவிட்டால் முழங்காலும் இடுப்பும் அந்தச் சாய்வை வாங்கிக்கொள்ளும், இல்லையென்றால் ஆள் விழுவார்.

சேறு என்றால் நீர் புகக் கூடாது, முள் குத்தினாலும் கிழியக் கூடாது. வெறுங்கால் என்றால் பாதம் பாதம்போல் இருக்க வேண்டும், விரல்கள் தெரிய வேண்டும், தோல் நிறம் ஒத்துப்போக வேண்டும். ஷூவுக்குள் ஒளிக்க முடியாத பாதத்துக்கு அழகும் ஒரு செயல்பாடுதான். இதை அலங்காரம் என்று தள்ளிவைக்கும் பொறியாளர்களோடு எனக்கு எப்போதும் வாக்குவாதம் வரும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரும்போது பக்கத்து ஆள் குனிந்து காலைப் பார்க்காமல் இருப்பது, அதை மாட்டிக்கொள்பவருக்கு எடையைவிடப் பெரிய விஷயம்.

ஒரு மருத்துவர், ஒரு கைவினைஞர்

ராம்சந்திர சர்மா மருத்துவமனைக்கு நோயாளிகளுக்குக் கைவேலை கற்றுக்கொடுக்க வந்தவர். கைவினைஞர் குடும்பம். பள்ளிப் படிப்பு சில வகுப்புகளோடு நின்றுபோனது. அங்கே எல்லோருக்கும் அவர் மாஸ்டர்ஜி. சேத்தியிடம் உடலியக்கம் பற்றிய சொற்கள் இருந்தன, தேவையை அவர் கோணமாகவும் விசையாகவும் பார்த்தார். சர்மாவுக்குப் பொருள்கள் தெரியும்: எது வளையும், எது எங்கே கிழியும், எதை எதோடு ஒட்டலாம். அதோடு, நோயாளிகள் தங்கள் மொழியில் அவரிடம் பேசினார்கள். சேத்தியோடு காஸ்லிவால், உதாவத் ஆகிய மருத்துவர்களும் உழைத்தார்கள்.

விடை கிடைத்த இடம் டயர் ரீட்ரெடிங் கடை. தேய்ந்த லாரி டயரின்மேல் புதுரப்பரை வைத்து, அச்சுக்குள் போட்டு, சூட்டில் வேகவைத்து எடுக்கும் அந்த வல்கனைஸ் வேலை ஊருக்கு ஊர் நடப்பது. கல்லிலும் தாரிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடுவதற்கென்றே செய்த பொருள், நீர் புகாதது, விலை மலிவு, வேலை தெரிந்த ஆட்கள் தெருமுனையில் இருக்கிறார்கள். வெறுங்காலுக்கு வேண்டிய தேய்மான அளவும் நீர்த்தடுப்பு அளவும் ஒரே பொருளில் கிடைத்துவிட்டன.

ஆனால் முழுப் பாதத்தையும் அதே ரப்பரில் வார்த்தால் கனம் தாங்காது, விறைப்பும் அதிகம். முழுக்க ஸ்பாஞ்ச் ரப்பரில் செய்தால் இலேசு, ஆனால் ஆள் எடையை ஏற்றினால் பொதபொதவென்று அமுங்கிவிடும், முன்பாதத்தால் தரையைத் தள்ளி நடக்க முடியாது. தேவைகள் ஒன்றோடொன்று மோதும் இடம் இதுதான். குந்துவதற்கு நெகிழ்வு வேண்டும், நடப்பதற்கு விறைப்பு வேண்டும். மெல்லியதாக இருந்தால் இலேசு, கனமாக இருந்தால் உழைக்கும். எந்தத் தயாரிப்பிலும் விவரக்குறிப்பு எழுதுவதில் உண்மையான வேலை இங்கேதான் நடக்கிறது. ஒரு அளவைக் கொஞ்சம் கூட்டி இன்னொன்றைக் கொஞ்சம் குறைத்து நடுவில் நிற்பது சுலபமான வழி. ஜெய்ப்பூர் குழு அப்படி நடுவில் நிற்கவில்லை. பாதத்தையே மூன்றாகப் பிரித்தார்கள்.

அந்தப் பாதம் ஒன்றை ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்து எங்கள் பட்டறையில் வைத்திருக்கிறோம். அறுத்த முகத்தைப் பார்த்தாலே கதை புரியும். மேலே, கணுக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரக்கட்டை. கட்டை அங்கேயே முடிந்துவிடுகிறது, விரல்களை நோக்கி நீளவில்லை. அதற்குக் கீழே குதிகாலில் ஸ்பாஞ்ச் போன்ற ரப்பர் அடுக்கு. ஹவாய் செருப்பை அறுத்தால் தெரியும் அதே நுண்துளை ரப்பர்தான், விரலால் அழுத்தினால் அமுங்கி மெதுவாக எழும். முன்பாதத்திலும் அதே வகை ரப்பர், தனித் துண்டாக. மூன்று துண்டுகளையும் ஆணியோ கீலோ இணைக்கவில்லை. டயருக்குள் இருக்கும் நைலான் இழை ரப்பரைப் பட்டையாக வெட்டி, மூன்றையும் சேர்த்துச் சுற்றியிருக்கிறார்கள். நம் காலில் எலும்புகளைத் தசைநார்கள் கட்டிவைத்திருப்பதுபோல. அடிப்பாதத்தில் டயர் ஓட்டு ரப்பர், கருப்பாக. மேலே தோல் நிற ரப்பர். எல்லாவற்றையும் பாத வடிவ உலோக அச்சுக்குள் இறுக்கி, நூறு டிகிரிக்கு மேல் வேகவைத்தால் ஒரே உடலாகிவிடும்.

கையில் எடுத்து முறுக்கிப் பார்க்கும் ஒவ்வொரு மாணவரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். மேலே மடங்கும், பக்கவாட்டில் சாயும், கொஞ்சம் சுழலும். கீல் எங்கே என்று தேடுவார்கள். கீல் கிடையாது. துண்டுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிதான் மூட்டு. குதிகாலில் மென்மை, கணுக்காலில் உறுதி, முன்பாதத்தில் நெகிழ்வு, வெளித்தோலில் தேய்மானத் தாங்கல்: மோதிக்கொண்டிருந்த தேவைகளுக்கு ஆளுக்கொரு இடத்தை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். 1968ல் இந்தப் பாதம் உருவம் பெற்றது. 1978ல் சேத்தி குழுவினர் செயற்கை உறுப்பியல் ஆய்விதழ் ஒன்றில் அதை விவரித்து எழுதினார்கள். காப்புரிமை வாங்கவில்லை.

அதே காலத்தில் கோபேயில்

ஜெய்ப்பூரில் இது நடந்துகொண்டிருந்தபோது ஜப்பானில் தரக்கட்டுப்பாட்டு நிபுணர்களான யோஜி அகாவோவும் ஷிகேரு மிசுனோவும், வாடிக்கையாளர் சொல்லை அளவாக மாற்றும் இதே வேலைக்கு ஒரு முறையை வகுத்துக்கொண்டிருந்தார்கள். 1972ல் மிட்சுபிஷியின் கோபே கப்பல் தளத்தில் அதற்கான பெரிய தர அட்டவணை தயாரானது. இடப்பக்கம் வாடிக்கையாளர் கேட்பவை, அவர் வாயால் சொன்ன சொற்களிலேயே. மேற்பக்கம் பொறியாளர் அளக்கக்கூடியவை. நடுக் கட்டங்களில் எதற்கும் எதற்கும் எவ்வளவு தொடர்பு. கீழே இலக்கு எண்கள். அளவுகளுக்குள் எது எதோடு மோதுகிறது என்பதைக் காட்ட மேலே கூரைபோல் ஒரு முக்கோணம் பின்னாளில் சேர்ந்தது. அதனால்தான் அதற்குத் தர வீடு என்று பெயர் வந்தது.

சேத்தியும் சர்மாவும் இப்படி ஒரு அட்டவணை போட்டதாக நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் செய்ததை அந்தக் கட்டங்களில் நிரப்பிப் பார்த்தால் அப்படியே பொருந்துகிறது. கூரை முக்கோணத்தில் "நெகிழ்வு எதிர் விறைப்பு" என்ற கட்டத்தில் பெரிய பெருக்கல் குறி விழுகிறது. அந்தக் குறி விழுந்த இடத்தில்தான் மூன்று துண்டு யோசனை பிறந்திருக்கிறது.

அட்டவணையிலும் ஒரு ஓட்டை உண்டு. இடப்பக்கத்தில் எழுதாத வரிக்கு நடுவில் கட்டமே கிடையாது. ஜப்பானியப் பேராசிரியர் நோரியாகி கானோ 1984ல் வெளியிட்ட தர வகைப்பாடு இங்கேதான் கைகொடுக்கும். சில தேவைகளை வாடிக்கையாளர் சொல்லிக் கேட்பார், கூடக்கூட மகிழ்வார். சிலவற்றை அவர் கேட்டிருக்கவே மாட்டார், கிடைத்தால் அசந்துபோவார். மூன்றாவது வகையை ஜப்பானியர் "அதாரிமாயே" என்கிறார்கள், இருந்தே ஆக வேண்டியது, சொல்லவே தேவையில்லாதது. இருந்தால் யாரும் பாராட்டமாட்டார்கள். இல்லாவிட்டால் மூலையில் கழற்றி வைத்துவிடுவார்கள். சப்பணம் இந்த வகை. மூச்சு விடுவதுபோல் அன்றாடம் செய்வதை "தேவை" என்று பட்டியல் போட்டுச் சொல்ல யாருக்கும் தோன்றாது. கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டாலும் வராது. பின்னாலேயே வீட்டுக்குப் போய், அவர் எப்படிச் சாப்பிடுகிறார், எப்படிக் குளிக்கிறார், மாட்டைப் பிடித்துக்கொண்டு எந்த வழியாகப் போகிறார் என்று பார்த்தால்தான் வரும். சேத்திக்கு அந்தத் தகவல் வந்த வழி, கழற்றி வைக்கப்பட்ட கால்கள். திருப்பி அனுப்பப்படும் பொருளைவிடப் பயன்படுத்தாமல் மூலையில் கிடக்கும் பொருள் அதிகம் சொல்லும் என்று எனக்குத் தோன்றுகிறது. திருப்பி அனுப்புபவர் காரணத்தை எழுதி அனுப்புவார். மூலையில் வைப்பவரின் காரணத்தை நாம்தான் தேடிப்போக வேண்டும்.

தரப்படுத்தப்பட்ட சோதனைகளிலும் இதே சிக்கல் இருக்கிறது. செயற்கைக் கால்களுக்கான சர்வதேசத் தரச் சோதனையில் பாதத்தின் குதியிலும் முன்பாதத்திலும் மாறி மாறி 20 லட்சம் தடவை சுமை ஏற்றி இறக்குவார்கள். அவசியமான சோதனைதான், அதில் தேறாத பாதத்தை யார் காலிலும் மாட்டக் கூடாது. ஆனால் அது ஒரு நடையின் சோதனை. குந்தி எழுவது அதில் வராது.

நடனம் கேட்ட வாடிக்கையாளர்

1981ல் திருச்சிப் பக்கம் நடந்த பேருந்து விபத்தில் அடிபட்டு, புண் அழுகி, வலது கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டார் சுதா சந்திரன். பரதநாட்டியம் ஆடிக்கொண்டிருந்த பெண், வயது பதினாறு. ஜெய்ப்பூர் பாதம் பொருத்திக்கொண்டு 1984ல் மறுபடி மேடை ஏறினார். அவர் வாழ்க்கையை வைத்து வந்த 'மயூரி' படத்தில் அவரே நடித்தார். தமிழ்நாட்டில் ஜெய்ப்பூர் பாதம் என்ற பெயர் வீடுவீடாகத் தெரிந்தது அதனால்தான்.

இந்தக் கதையை மன உறுதியின் கதையாகத்தான் எல்லோரும் சொல்கிறோம், அது உண்மையும்கூட. பொறியாளனாக எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. பயிற்சியின்போது வெட்டுப்பட்ட காலில் ரத்தம் கசிந்திருக்கிறது. அரைமண்டியில் நின்று தட்டும்போது தரையிலிருந்து வரும் அதிர்ச்சி பாதம் வழியாகக் குழிக்குள் போய்த் தோலைத் தாக்கும். வயலுக்கும் வரப்புக்கும் எழுதிய விவரக்குறிப்பில் அந்த அடி இல்லை. மூன்று வகைப் பாதங்களை ஒப்பிட்டு 1995ல் வெளியான ஒரு சிறிய ஆய்வும் இதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இயல்பான பாதத்துக்கு நெருக்கமான நடை ஜெய்ப்பூர் பாதத்தில்தான் கிடைத்தது என்றது அந்த ஆய்வு. அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதில் சாக் பாதமே மேல் என்றும் அதே ஆய்வு சொன்னது. ஒரு தேவையை முன்னே கொண்டுவரும்போது இன்னொன்று பின்னே போகிறது, அதை மறைக்காமல் அட்டவணையில் எழுதிவைக்க வேண்டும். சுதா சந்திரன் அந்தக் குறையைத் தன் தோலால் ஈடுகட்டினார்.

பொருளுக்கு வெளியே இருந்த தேவைகள்

பாதம் நன்றாக வந்தும் முதல் சில ஆண்டுகளில் அது மிகச் சிலருக்கே போய்ச் சேர்ந்தது. நிலைமை மாறியது 1975ல் டி.ஆர். மேத்தா ஜெய்ப்பூரில் தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி என்ற தொண்டு அமைப்பால். அவர்கள் கையில் எடுத்தது வேறொரு பட்டியல். கூலிவேலை செய்பவரால் நான்கு முறை வந்து போக முடியாது. கூட வருபவருக்கும் சாப்பாடு, படுக்க இடம் வேண்டும். பணம் கேட்கக் கூடாது. எந்த நேரத்தில் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

"ஒரே நாளில் முடிய வேண்டும்" என்பதும் ஒரு விவரக்குறிப்புத்தான், அது பொருளையே மாற்றியது. ஆரம்பத்தில் முன்காலை அலுமினியத் தகட்டில் தட்டித் தட்டி வடித்தார்கள், கைவினைஞர் வேலை. பின்னால் தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாய்க்கு மாறினார்கள். வெட்டுப்பட்ட காலுக்கு மாவுக்கட்டு போட்டு அளவெடுத்து, அதிலிருந்து வார்ப்பு எடுத்து, குழாயை அடுப்பில் இளக வைத்து, வார்ப்பின்மேல் இழுத்து மாட்டி, காற்றை உறிஞ்சினால் அச்சாக ஒட்டிக்கொள்ளும். ஆறியதும் வெட்டி, பாதத்தை இணைத்து, ஆளை நடக்க வைத்துப் பார்க்கலாம். காலையில் கட்டையோடு வந்தவர் பெரும்பாலும் அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகிறார். தயாரிப்புச் செலவு சில ஆயிரம் ரூபாய், பயனாளிக்கு இலவசம்.

சேத்திக்கு 1981ல் மகசேசே விருதும் பத்மஸ்ரீயும் கிடைத்தன. சர்மாவின் பெயர் அந்த அளவுக்கு வெளியே தெரியவில்லை, அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. பாதத்தை யார் செய்தார் என்று மாணவர்களிடம் சொல்லும்போது இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்வேன்.

குறைகளும் இருந்தன, இருக்கின்றன. பாதம் சாக் பாதத்தைவிடக் கனம். ஒவ்வொன்றும் கையால் அடுக்கிச் செய்வதால் பட்டறைக்குப் பட்டறை, ஆளுக்கு ஆள் தரம் மாறும். ஒரு பட்டறையின் பாதம் வருடக்கணக்கில் உழைக்கும், இன்னொன்றில் செய்தது சீக்கிரமே வெடித்துவிடும். காப்புரிமை இல்லாததால் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்ற நன்மையோடு, யார் எப்படிச் செய்தாலும் அதே பெயர் என்ற தீமையும் வந்தது. வாடிக்கையாளர் தேவையை எண்ணாக மாற்றியவர்கள், அந்த எண்ணை ஒவ்வொரு பாதத்திலும் காப்பாற்றும் வழியை அதே கவனத்தோடு வகுக்கவில்லை. கனத்தைக் குறைக்கவும் ஒரே சீராக வார்க்கவும் பின்னாளில் இஸ்ரோவோடு சேர்ந்து பாலியூரித்தேன் பாதம் முயன்று பார்த்ததற்கு இதுவே காரணம்.

முழங்காலுக்கு மேலே கால் போனவர்களின் தேவை தனி. அவர்களுக்குப் பாதம் மட்டும் மடங்கிப் பயனில்லை, முழங்காலும் மடங்க வேண்டும், மேடுபள்ளத்தில் திடீரென்று மடிந்துவிடவும் கூடாது. ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஜெய்ப்பூர் சமிதியோடு சேர்ந்து எண்ணெய் ஊறிய நைலானில், ஒன்றுக்கு மேற்பட்ட அச்சுகளில் சுழலும் முழங்கால் ஒன்றை வடிவமைத்தார்கள். 2009ல் டைம் இதழ் அதை அந்த ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாகச் சேர்த்தது. விலை 20 டாலர் அளவில் நிற்க வேண்டும் என்பது அதன் இலக்கு எண்களில் ஒன்று.

இலங்கையில் இந்தப் பாதம் 1980களிலேயே வேரூன்றியது. கொழும்பில் ஒரு தொண்டு அமைப்பு பட்டறை தொடங்க, யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் பெயரிலேயே மையம் வந்தது. போரில் கண்ணிவெடிக்குக் கால் கொடுத்தவர்களுக்கு அது செய்த வேலை பெரியது. ராஜஸ்தான் மணலில் பிறந்த விவரக்குறிப்பு வடமாகாணத்து வயல் வரப்பிலும் செல்லுபடியானதற்கு, இரண்டு ஊரிலும் வீட்டுத் தரை ஒன்றுபோலவே இருந்தது காரணம். தரையில் பாய், வாசலில் கழற்றிய செருப்பு.

போன பருவத்தில் வகுப்பு முடிந்து எல்லோரும் பையை எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி அறுத்த பாதத்தின் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "சார், இதுல மெட்டி போட முடியுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருடமாக அந்தப் பாதத்தை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன், ஒரு நாளும் அது தோன்றியதில்லை. இரண்டு பேரும் குனிந்து விரல்களைப் பார்த்தோம். எங்கள் பட்டறையில் இருக்கும் பாதத்தில் இரண்டாம் விரலுக்கும் மூன்றாம் விரலுக்கும் நடுவே பள்ளம்தான் இருக்கிறது, வளையம் நுழைய இடைவெளி இல்லை. இடைவெளி விட்டால் அங்கே ரப்பர் மெலியும், விரல் கிழியலாம். எவ்வளவு விடலாம், எத்தனை மில்லிமீட்டர் சுவர் மிஞ்ச வேண்டும் என்று அவர் உடனே கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். கரும்பலகையில் இருந்த அட்டவணையின் இடப்பக்கத்தில், சப்பணத்துக்குக் கீழே, "மெட்டி போடணும்" என்று அவர் சொன்ன மாதிரியே எழுதினேன். எதிரே இலக்கு எண்ணுக்கான கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.